தேடியது யாருடைய விரல்?

கம்ப்யூட்டர் காட்டும் தேதியை நம்பி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டுதான். 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் குடியிருந்த யாரும் அந்த இருட்டை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கன்னிவாடிப் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல ஆள் கிடையாது. பிரௌசிங் சென்டர் நடத்தியவர்கள் பாதிப் பகல் வாசலில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். மதர்போர்டில் ஒரு பட்டன் செல் இருக்கும். மெயின் கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போனால் அடுத்த முறை ஆன் செய்யும்போது தேதி 2002 ஜனவரி 1 என்றோ, அந்த போர்டைச் செய்தவர் போட்டுவைத்த வேறொரு நாளிலோ போய் நிற்கும். மாற்றி வைக்க யாருக்கும் அக்கறை இல்லை. மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிறவர் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு சென்டரிலிருந்து ஒரு பெண்ணுக்கு மிரட்டல் மெயில் போயிருந்தது. ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தால் மெயில் பக்கம் திறந்த நாள் பத்து வருடம் முந்தையது. அந்த நாளில் அந்தக் கடையே கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வழக்கை விசாரித்த போலீஸ்காரர்களான எங்களுக்குக் கைகொடுத்தது குக்கி. ஒரு இணையதளத்துக்குப் போனால் அந்தத் தளத்தின் சர்வர் நம் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் குறிப்பை எழுதிவைக்கும். பல குக்கிகளுக்குள் சர்வரின் நேரமே பதிந்திருக்கும். நம் மெஷினின் கடிகாரம் எந்த வருடத்தில் நின்றாலும் சர்வரின் கடிகாரம் சரியாக ஓடும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மெஷின் எவ்வளவு பின்தங்கி இருக்கிறது என்று வந்துவிடும். ஒரே ஒரு குக்கியை வைத்துச் சொன்னால் தற்செயல் என்பார்கள். அந்த ஒரு அமர்வில் பதிவான குக்கிகள் எல்லாவற்றிலும் அதே வித்தியாசம் வந்தது, மெயிலின் தலைப்பகுதியில் இருந்த நேரமும் அதோடு ஒத்துப்போனது. இவ்வளவும் செய்து நிரூபித்தது என்ன? இந்த மெஷினிலிருந்து இந்த நேரத்தில் இந்த மெயில் போனது என்பது மட்டும். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று குக்கிக்குத் தெரியாது. அதைச் சொன்னது கடையின் கையெழுத்து நோட்டும் கடைக்காரரின் வாக்குமூலமும்.

நான் கன்னிவாடிக்காரன். காவலராகச் சேர்ந்து, ஸ்டேஷன் ரைட்டராக வருடக்கணக்கில் மகஜரும் வாக்குமூலமும் எழுதி, பணியின் கடைசிப் பகுதியில் மாவட்ட சைபர் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றேன். பிரௌசர் பதிவைப் பற்றி என் அபிப்பிராயம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அது மெஷினைப் பற்றிச் சாட்சி சொல்லும். மனிதரைப் பற்றிச் சொல்ல அதற்கு வெளியிலிருந்து துணை வேண்டும்: ஒரு கடை பில், ஒரு கேமரா, பார்த்த ஒருவரின் வாய்ச்சொல்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒரு வழக்கு உண்டு. 2004-ல் யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணின் பெயரால் ஆபாசமான செய்திகள் போடப்பட்டன. தெரியாத ஆண்களிடமிருந்து அவருக்குத் தொடர்ந்து போன் வந்தது. சென்னை சைபர் பிரிவு விசாரித்து மும்பையில் ஆளைப் பிடித்தது. சட்ட மாணவர்கள் இன்று சுஹாஸ் கட்டி வழக்கு என்று படிக்கிறார்கள். எதிர்த்தரப்பு அன்றே சரியான இடத்தில்தான் குத்தியது: மெயிலைப் பெண்ணின் முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம், ஏன், புகார் கொடுத்தவரே அனுப்பியிருக்கலாம், தங்கள் கட்சிக்காரர்தான் அனுப்பினார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அரசுத் தரப்பில் சைபர் சட்ட நிபுணர் நா. விஜயசங்கர் அந்தப் பக்கங்களைப் பார்த்து, மின்னணு ஆவணங்களுக்கான சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் சான்றளித்திருந்தார். அதோடு பிரௌசிங் சென்டர்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நாட்டில் முதன்முதலில் கிடைத்த தண்டனைகளில் ஒன்று என்று இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஆரம்பகால வழக்கிலேயே காகிதத்தோடு ஒரு கடைக்காரரும் கூண்டில் ஏற வேண்டியிருந்தது.

அந்தக் கடைக்காரர்களைக் கட்டிப்போட 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்தது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், எந்தெந்தத் தளம் பார்க்கப்பட்டது என்ற விவரத்தை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உள்ள தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. படிக்க நன்றாக இருந்தது. நடைமுறையில் பாதிக் கடைகளில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார்கள். வைரஸ் தொல்லைக்கு அதுதான் மருந்து. ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வைரஸ் போகும், அன்றைய ஹிஸ்டரியும் சேர்ந்து போகும். கரண்ட் ஒரு நாளில் எத்தனை தடவை போகிறதோ அத்தனை தடவை சாட்சியம் துடைக்கப்படும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் குற்றத்தை மறைக்கவில்லை, வியாபாரம் செய்தார்.

பிறகு போன் வந்தது. சென்டர்கள் ஆன்லைன் பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் இடமாகவும் ஜெராக்ஸ் கடையாகவும் மாறின. ஹிஸ்டரி எல்லோர் சட்டைப் பையிலும் வந்து உட்கார்ந்தது. போன் என்றால் ஒரு ஆளுக்கு ஒன்று, ஆகவே யார் என்ற கேள்வி தீர்ந்தது என்று மேலதிகாரிகள் சிலர் நினைத்தார்கள். அவர்கள் தருமத்துப்பட்டியிலோ ரெட்டியார்சத்திரத்திலோ ஒரு விவசாயி வீட்டில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலையில் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை என்ன என்று அதில் கேட்பார். பத்து மணிக்கு அம்மா சீரியல் பார்ப்பார். சாயந்திரம் மகள் அதிலேயே பாடம் படிப்பாள். ராத்திரி அது மகன் கையில். பாஸ்வேர்டு வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும்.

இன்னொன்றையும் நகரத்து ஆள்கள் கவனிப்பதில்லை. நகரத்தில் ஒருவர் களைக்கொல்லியின் பெயரைத் தேடினால் சந்தேகப்படலாம். இங்கே மக்காச்சோளமும் வெங்காயமும் முருங்கையும் போட்டவர்கள் வாரத்துக்கொரு முறை தேடுவார்கள். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, மேலே பட்டால் என்ன ஆகும், மாடு மேய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் இங்கே சாதாரணக் கேள்விகள்.

மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் திடீரென்று இறந்தார். சொத்துத் தகராறு இருந்த வீடு. மருமகள்மேல் சந்தேகம் என்று புகார். வீட்டுப் போனில் களைக்கொல்லி, அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று வரிசையாகத் தேடல் இருந்தது. ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. நான் தேடல் நடந்த நாள்களை ஒரு தாளில் எழுதி, மருந்துக் கடை பில்லை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு தேடலும் மருந்தடித்த நாளிலோ முந்தின நாளிலோ விழுந்தது. இறந்தவரின் தம்பியைக் கேட்டேன்.

“சாமி, நமக்கு எழுத்து வாசனை இல்லீங்க. எம் பேரன்தான் போன்ல பாத்துச் சொல்லுவான். அண்ணனும் அவங்கிட்டத்தான் கேப்பாரு.”

“குடிச்சா என்ன ஆகும்னு எதுக்குங்கய்யா கேட்டீங்க?”

“அன்னிக்கு ஆடு ஒண்ணு டிரம்முல வாய வெச்சுப்புடுச்சுங்க.”

ஆடு வாய் வைத்ததைத் தோட்டத்துக் கூலியாள்களும் சொன்னார்கள். உடற்கூறாய்விலும் பிறகு வந்த உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கையிலும் விஷம் இல்லை. அறிக்கை வரும்வரை அந்தப் பெண் தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் போக முடியவில்லை. அந்தத் தேடல் வரிசையை மட்டும் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தால் மறுநாள் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்வதால் தேடல் பதிவு உதவாத சரக்கு என்று அர்த்தமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் ராமவர்மன்சிறையில் 2022 அக்டோபர் 14 அன்று காதலிக்கும் பெண்ணின் வீட்டில் கஷாயம் குடித்த பாறசாலை இளைஞர் ஷாரோன் ராஜ், 25-ஆம் தேதி இறந்தார். கலந்திருந்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. அன்று காலையிலேயே அந்தப் பெண் விஷத்தின் விளைவைப் பற்றி இணையத்தில் தேடியது வழக்கில் முக்கியமான கண்ணி ஆனது. நெய்யாற்றின்கரை நீதிமன்றம் 2025 ஜனவரி 20 அன்று அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. எங்கள் ஊர் விவசாயி தேடிய அதே மாதிரி மருந்துதான். அங்கே தேடலுக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் உரையாடல் இருந்தது, அதற்கு முன் ஜூஸில் மாத்திரை கலந்து பார்த்த முயற்சி இருந்தது, சாகும் முன் இளைஞர் சொன்னது இருந்தது.

அதே கேரளத்தில் உத்ரா வழக்கும் இப்படித்தான். கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020 மே மாதம் தூங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பாம்பை ஏவிக் கொன்றதற்காகக் கணவருக்கு 2021 அக்டோபர் 13 அன்று இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் போனில் விரியன், நல்லபாம்பு பற்றிய தேடல்களும் வீடியோக்களும் இருந்தன. புலனாய்வுக் குழு அதோடு நிற்கவில்லை. புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்தார்கள். இயல்பாகக் கடித்தால் பல் தடங்களின் இடைவெளி எவ்வளவு, தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கவைத்தால் எவ்வளவு என்று பொம்மைமேல் உயிருள்ள பாம்பைக் கடிக்கவிட்டு அளந்தார்கள். பாம்பை விற்றவர் அப்ரூவர் ஆனார். ஹிஸ்டரி இந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். தனி ஆளாகக் கூண்டேறியிருந்தால் குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது.

தனியாக ஏற்றி விழுந்த கதைக்கு அமெரிக்கா போக வேண்டும். ஃபுளோரிடாவில் மகளைக் கொன்றதாகக் கேசி ஆன்டனி மேல் 2011-ல் நடந்த விசாரணையில், வீட்டுக் கம்ப்யூட்டரில் குளோரோஃபார்ம் பற்றிய பக்கம் 84 முறை பார்க்கப்பட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது. பிறகு மென்பொருளை எழுதியவரே தன் கணக்கைச் சரிபார்த்து, பார்த்தது ஒரே ஒரு முறை என்றார். நடுவில் அந்தப் பெண்ணின் தாய் கூண்டேறி, தேடியது நான்தான் என்றார். அந்த நேரத்தில் அவர் அலுவலகத்தில் இருந்ததாகப் பதிவுகளைக் காட்டி அரசுத் தரப்பு மறுத்தது. ஜூலை 5 அன்று ஜூரி கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அடுத்த வருடம் இன்னொன்று வெளியே வந்தது. போலீஸ் தரப்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஹிஸ்டரியை மட்டும் எடுத்திருந்தது. அந்த வீட்டில் அதிகம் ஓடிய ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கவே இல்லை. குழந்தை கடைசியாக உயிரோடு காணப்பட்ட நாளன்று மூச்சுத்திணறலைப் பற்றிய தேடல் அதில் கிடந்தது. இல்லாத 84-ஐப் பிடித்துத் தொங்கியவர்கள் இருந்ததை விட்டுவிட்டார்கள். எங்கள் பயிற்சி வகுப்புகளில் நான் இந்த வழக்கை மட்டும் விடாமல் சொல்வேன். ஒரு போனில் எத்தனை பிரௌசர் இருக்கிறது என்று முதலில் எண்ணு. குரோம் இருக்கும், அதற்குக் கீழே யூசி பிரௌசர் இருக்கும். 2020 ஜூனில் அரசு அதைத் தடை செய்யும்வரை எங்கள் பக்கத்து மலிவுப் போன்களில் அதுதான் ராஜா. ஓப்பரா மினி இருக்கும். அது தன் சர்வர் வழியாகப் பக்கத்தைச் சுருக்கிக் கொண்டுவருவதால் இணையதளத்தின் பதிவில் ஓப்பராவின் ஐபி முகவரிதான் முன்னால் நிற்கும்.

ஹிஸ்டரியில் ஒரு பக்கம் இருப்பதாலேயே ஒருவர் அதை விரும்பிப் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. கனெக்டிகட் மாநிலத்தில் ஜூலி அமேரோ என்ற தற்காலிக ஆசிரியை, 2004-ல் வகுப்பறைக் கம்ப்யூட்டரில் மாணவர்கள் முன் ஆபாசப் பக்கங்களைத் திறந்தார் என்று 2007 ஜனவரியில் குற்றவாளியாக்கப்பட்டார். பக்கங்கள் தாமாகக் குதித்து வந்தவை, மெஷினில் வேண்டாத மென்பொருள் குடியிருந்தது என்று நிபுணர்கள் காட்டிய பிறகு அந்த ஜூன் மாதமே தீர்ப்பு ரத்தானது. குரோம் இந்த வகையில் கொஞ்சம் உதவும். ஒவ்வொரு வருகைக்கும் பக்கத்தில் அது முகவரியைத் தட்டி வந்ததா, இணைப்பைத் தொட்டு வந்ததா, இன்னொரு பக்கம் தள்ளிவிட்டதா என்று ஒரு குறியீடு வைத்திருக்கும். அறிக்கையில் அந்தப் பத்தியை விட்டுவிட்டு முகவரியையும் நேரத்தையும் மட்டும் அச்சடித்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நேரம் என்று சொன்னேன். குரோம் நேரத்தை 1601 ஜனவரி 1-லிருந்து மைக்ரோ வினாடிகளாக எண்ணுகிறது, ஃபயர்ஃபாக்ஸ் 1970-லிருந்து. இரண்டுமே உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் நள்ளிரவு ஒரு மணிக்கு நடந்தது முந்தின நாள் இரவு ஏழரை என்று விழும். குற்றப்பத்திரிகையில் ஒரு நேரம், ஆய்வு அறிக்கையில் ஒரு நேரம் என்று போய் நின்ற வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது நம்மவர்களின் ஆர்வத்துக்குத்தான். போனைப் பறிமுதல் செய்து மகஜர் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து போட்டாயிற்று. கவரில் போட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. “உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போமே” என்று யாராவது எடுப்பார்கள். ஒரு வழக்கில் வக்கீல் புலனாய்வு அதிகாரியிடம் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

“சார், போனைச் சாயந்திரம் ஆறு மணிக்கு எடுத்தீங்க. சரிதானுங்களா?”

“ஆமா.”

“அதுக்கப்புறம் ஸ்டேஷன்லதான் இருந்தது?”

“ஆமா.”

“ராத்திரி பதினொண்ணே காலுக்கு அதுல கிரிக்கெட் ஸ்கோர் பாத்தது யாருங்க?”

கோர்ட்டே சிரித்தது. அந்த ஒரு வரிக்குப் பிறகு, போனில் இருந்த உண்மையான பதிவுகளும் போலீஸ் கைப்பட்டவையாகிவிட்டன. பறித்த கையோடு ஏரோபிளேன் மோடில் போட்டு, கவரில் வைத்து ஒட்டியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்து நகலில்தான் தேடுவார்கள். எடுத்ததும் ஹாஷ் என்ற எண்வரிசையைக் கணக்கிட்டு எழுதிவைப்பார்கள். பார்சலில் வைக்கும் அரக்கு முத்திரை மாதிரி அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மொத்தமும் மாறிவிடும்.

சான்றிதழ் கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். 2005-ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் தீர்ப்பு, 65பி சான்று இல்லாமலும் மின்னணுச் சாட்சியத்தை ஏற்கலாம் என்றது. நாங்களும் பிரிண்ட் எடுத்து ஸ்டேஷன் சீல் குத்திக்கொண்டிருந்தோம். 2014 செப்டம்பர் 18 அன்று அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சான்று இல்லாத நகல் ஏற்கப்படாது என்றது. அன்றைக்கு விசாரணையில் இருந்த எத்தனையோ கட்டுகள் ஒரே நாளில் நொண்டியாயின. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதே நிலையை உறுதிசெய்து, மூலக் கருவியையே கொண்டுவந்து உரியவர் சாட்சி சொன்னால் சான்று தேவையில்லை என்றும் தெளிவாக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் 65பி-யின் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு வந்துவிட்டது. சான்றில் இப்போது இரண்டு பகுதி: கருவியை வைத்திருந்தவர் ஒன்றில், நிபுணர் மற்றதில் கையெழுத்து போட வேண்டும், ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கவும் புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க விரும்புகிறவர்கள் கேமராவைப் பார்த்துத் தயங்குவார்கள்.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் பிடிக்க முடியாதா என்று கல்லூரிப் பையன்கள் கேட்பார்கள். போனின் ஹிஸ்டரியில் விழாது, அவ்வளவுதான். அந்த ஜன்னலுக்குள்ளேயே கூகுள் கணக்கில் நுழைந்து தேடினால் கணக்கில் விழும். இணைய நிறுவனத்தின் பதிவிலும் தடம் இருக்கும்.

முடிக்கும் முன் வாசகர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. சந்தேகத்துக்கிடமாக ஒருவர் இறந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவருடைய போன் பேரன் கைக்கோ கொழுந்தன் கைக்கோ போய்விடுகிறது. ரீசெட் செய்து புது சிம் போட்டுவிடுகிறார்கள். உள்ளுறுப்பு அறிக்கை மாதங்கள் கழித்து வந்து, கொலை என்று தெரிந்து, நாங்கள் போனைக் கேட்டு வரும்போது அதில் பேரனின் விளையாட்டுகள்தான் இருக்கும். தயவுசெய்து அந்தப் போனை யாரும் திறக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அன்றைக்கே காவல் நிலையத்தில் கொடுத்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். போனைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மாதங்கள் கழித்து எடுத்துத் திறந்தாலும் ஆபத்து ஒன்று உண்டு: குரோம் மறுபடி ஓடத் தொடங்கினால் 90 நாளுக்கு மேல் பழைய ஹிஸ்டரியைத் தானே அழித்துவிடும்.